விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன. அதனால் இப்போது என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சார், லினக்ஸ் போட்டா ஹேங்கே ஆகாதாமே, உண்மையா?"

கல்லூரி லேபில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். நழுவாமல் பதில் சொல்கிறேன். லினக்ஸ் நிலையாக ஓடும். ஆனால் எந்த மெஷினில், யார் கையில் என்று கேட்டுவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். விண்டோஸில் கோளாறு பெரும்பாலும் மேலேயிருந்து தானாக வந்து இறங்கும். லினக்ஸில் பெரும்பாலும் நாமே கூப்பிட்டு வரவழைப்போம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

1. இன்றைய விண்டோஸை 98-ஐ வைத்து எடை போடாதீர்கள்.

லினக்ஸ் பக்தர்கள் சொல்லும் விண்டோஸ் கதைகளில் பாதி, நீங்கள் பிறப்பதற்கு முந்தையவை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே, ஒரு ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டியது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இன்னொரு வேடிக்கை உண்டு. மில்லிசெகண்டுகளைக் கணக்கு வைக்கும் 32 பிட் எண் 49.7 நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் மெஷின் தொங்கிவிடும். பல வருடம் இது யார் கண்ணிலும் படவில்லை. அத்தனை நாள் விழாமல் ஓடிய விண்டோஸ் 95 யாரிடமும் இருந்திருக்காது என்று அந்தக் காலத்தில் சொல்லிச் சிரிப்போம்.

அந்த விண்டோஸ் போய்விட்டது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரும் என்டி கெர்னலுக்கு மாறியது. ஒரு புரோகிராம் தப்பு செய்தால் அது மட்டும் விழும், மொத்த மெஷினையும் இழுத்துக்கொண்டு விழாது என்கிற நிலை வந்தது. விஸ்டாவிலிருந்து, கிராஃபிக்ஸ் டிரைவர் தொங்கினால் அதை மட்டும் மறுபடி ஓட வைக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. ஒழுங்கான மெஷினில் விண்டோஸ் 10-ஓ 11-ஓ மாதக்கணக்கில் நீலத்திரை காட்டாமல் ஓடும். இதை ஒப்புக்கொள்ளாமல் லினக்ஸுக்கு வருகிறவர்கள்தான், முதல் தடவை லினக்ஸ் தொங்கியதும் மனம் உடைந்து திரும்பிப் போகிறவர்கள்.

லினக்ஸ் கெர்னலிலேயே 2024 ஜூலையில் வந்த 6.10 பதிப்பில், கெர்னல் விழும்போது அதைத் திரையில் எழுதிக் காட்டும் வசதி ஒன்றைச் சேர்த்தார்கள். விழவே விழாத ஒன்றுக்கு எதற்கு அப்படி ஒரு திரை?

2. ஓஎஸ்ஸைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

"அடிக்கடி ஹேங் ஆகுது, லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்று வரும் மெஷினில் நான் ஓஎஸ்ஸைத் தொடுவது கடைசியில்தான். முதலில் ஃபேனில் அடைந்திருக்கும் தூசு. அடுத்து ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை. அதற்கடுத்து ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டு ரேம் சோதனை. டெஸ்க்டாப் என்றால் எஸ்எம்பிஎஸ். சித்திரை வெயிலும் ஏறி இறங்கும் கரன்டும் நம் ஊர் மெஷின்களுக்குச் செய்கிற கெடுதலை எந்த ஓஎஸ்ஸும் செய்வதில்லை.

ரேம் கெட்ட மெஷினில் விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஸ்டாப் கோடு காட்டி நீலமாகும். அதே மெஷினில் லினக்ஸ் போட்டால் பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். இன்னொரு நாள் ஃபைல் மேனேஜர் காணாமல் போகும். டிஸ்க் போகிற மெஷினில் திடீரென்று எந்த ஃபைலையும் சேமிக்க முடியாது, ஏனென்றால் பிழை கண்ட ஃபைல் சிஸ்டம் தன்னைப் படிக்க மட்டும் என்று மாற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸ் கத்திச் சொன்னதை லினக்ஸ் முணுமுணுக்கும், அவ்வளவுதான். புதிதாக வந்தவருக்கு முணுமுணுப்புதான் அதிகக் குழப்பம்.

பழைய சுழலும் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் பேர் ஓஎஸ் மாற்றும் யோசனையைக் கைவிட்டுவிடுவார்கள். அதனால் சர்வீஸ்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் குறையலாம். பரவாயில்லை.

3. உடைந்தது எந்த அடுக்கு என்று பிரித்துப் பாருங்கள்.

லினக்ஸின் பெயர் சர்வர்களால் வந்த பெயர். வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடும் சர்வரில் மானிட்டரே இருக்காது. கிராஃபிக்ஸ் கார்டு, ப்ளூடூத், ஸ்லீப், வைஃபை எதுவும் இருக்காது. உங்கள் மேஜையில் இருப்பது வேறு ஜீவன். கெர்னலுக்கு மேல் கிராஃபிக்ஸ் டிரைவர், அதற்கு மேல் திரையை நடத்தும் வேலண்ட் அல்லது எக்ஸ்11, அதற்கு மேல் க்னோம், கேடிஇ, சின்னமன் போன்ற டெஸ்க்டாப். கெர்னல் விழுவது அபூர்வம். மேலே உள்ளவை விழுவது அத்தனை அபூர்வம் இல்லை. வீட்டில் பல்பு ப்யூஸ் போனால் கரன்ட் போய்விட்டது என்று மெயினை அணைப்பவர்களைப் போல, திரை உறைந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பவர்கள்தான் அதிகம்.

அதற்கு முன் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. உள்ளே போய்த் தொங்கிய புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டு வரலாம். அதுவும் வரவில்லையா? ஆல்ட்டோடு பிரின்ட் ஸ்கிரீன் சாவியைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எழுதாமல் பாக்கி நிற்பதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று ஆக்கி, மறுபடி பூட் ஆகும். உபுண்டுவிலும் மின்டிலும் இந்த மூன்றும் எதையும் மாற்றாமலே வேலை செய்யும்.

விண்டோஸிலும் இப்படி ஒன்று உண்டு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி. திரை ஒரு கணம் கறுத்து, கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். இத்தனை வருடம் விண்டோஸ் ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

4. அப்டேட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்டோஸ், தான் திறந்து வைத்திருக்கும் ஃபைலின் மேல் எழுத விடாது. அதனால் சிஸ்டம் ஃபைல்களை மாற்ற, எல்லாவற்றையும் மூடிவிட்டு ரீஸ்டார்ட் ஆக வேண்டியிருக்கிறது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்க, புதியது அதன் பெயரில் வந்து உட்கார்ந்துவிடும். வேலை பார்த்துக்கொண்டே அப்டேட் போடலாம். கெர்னல் மாறினால் மட்டும் வசதியானபோது ரீஸ்டார்ட் செய்தால் போதும். பரீட்சைக்கு முந்தின இரவு, பிராஜெக்ட் ரிப்போர்ட் திறந்திருக்கும்போது, "அணைக்காதீர்கள்" என்ற வாசகத்தோடு சதவீதம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காரும் அவஸ்தை லினக்ஸில் கிடையாது. அன்றாட உபயோகத்தில் லினக்ஸுக்குக் கிடைக்கும் பெரிய மதிப்பெண் இதுதான் என்பேன். எப்போது என்பது உங்கள் கையில்.

விண்டோஸ் அப்டேட்டே வினையான சம்பவங்களும் உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வந்தபோது, சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்களே அழிந்துபோயின. மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 19 உங்களுக்கே நினைவிருக்கும்: விமான நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நீலத்திரை. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள். ஆனால் அதில் விழ வைத்தது விண்டோஸ் அப்டேட் இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கெர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு, பிழையான ஃபைல் ஒன்றைப் படித்ததன் விளைவு. அன்று லினக்ஸ் மெஷின்கள் தப்பின. உடனே மார் தட்டியவர்களுக்கு ஒரு செய்தி: அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அதே மென்பொருளின் லினக்ஸ் வடிவத்தால் ரெட் ஹாட் 9.4-இல் கெர்னல் பேனிக் வருகிறது என்று ரெட் ஹாட் எச்சரித்திருந்தது. கெர்னலுக்குள் யாரை உட்கார வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

லினக்ஸ் தரப்பிலும் கணக்கு இருக்கிறது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 சில லெனோவோ லேப்டாப்களின் பயாஸையே கெடுத்துவிட்டது. அமைப்பை மாற்றினால் சேமிக்காது. டவுன்லோடையே எடுத்துவிட்டு, ஜனவரியில் சரிசெய்து போட்டார்கள். 2022 ஆகஸ்டில், பூட் செய்து வைக்கும் க்ரப் என்ற மென்பொருளுக்கு அப்டேட் போட்ட ஆர்ச் லினக்ஸ் வகையறாக்காரர்கள் பலருக்கு மறுநாள் மெஷின் பூட் ஆகவில்லை. 2023 டிசம்பரில், நிதானத்துக்குப் பெயர்போன டெபியனே 12.3 பதிப்பை வெளியிடும் நேரத்தில் நிறுத்தியது. அதில் இருந்த கெர்னல், டிஸ்க்கில் உள்ள டேட்டாவைக் கெடுக்கக்கூடியது என்று தெரிந்து, நேராக 12.4-ஐ வெளியிட்டார்கள்.

எந்தப் பக்கமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாதுகாப்பு அப்டேட்டை உடனே போடுங்கள், பெரிய பதிப்பு மாற்றத்தை ஆறப் போடுங்கள். உபுண்டுவே நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு ஒன்றிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு ஏறும் அழைப்பை, அதன் முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை காட்டுவதில்லை. வெளியிட்டவர்களே காத்திருக்கும்போது உங்களுக்கு என்ன அவசரம்? அப்டேட் ஓடும்போது கரன்ட் போகாதபடி லேப்டாப்பைச் சார்ஜில் வையுங்கள், டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

5. அடிக்கடி மாறாத விநியோகத்தை (டிஸ்ட்ரோவை) தேர்ந்தெடுங்கள்.

டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ், லினக்ஸ் மின்ட். புதிதாக வருகிறவருக்கு இந்த மூன்றைத் தாண்டி நான் எதையும் சொல்வதில்லை. அதிலும் மின்ட்தான் முதலில். ஆர்ச் தெரிந்துகொள்ள நல்லது, இரண்டாவது மெஷின் இருந்தால் போடுங்கள்.

புதியது எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள் 2024 மார்ச் 29-ஐ மறக்கக் கூடாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். லாகின் ஆக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததில் அகப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைகள் வரை அந்தப் பதிப்பு வந்துவிட்டது, ஸ்டேபிளுக்கு வரவில்லை. பழசையே கட்டிக்கொண்டு அழுகிறது என்று கேலி செய்யப்பட்ட டெபியன் ஸ்டேபிள், அந்த மந்தத்தாலேயே தப்பியது.

6. உங்கள் கையைக் கட்டுப்படுத்துங்கள்.

இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்த உடைந்த லினக்ஸ்களில் பெரும்பாலானவை தானாக உடையவில்லை. எங்கிருந்தோ நகலெடுத்த கட்டளையை என்னவென்று தெரியாமலே டெர்மினலில் ஒட்டியது, வேறு பதிப்புக்காக எழுதிய ரெபாசிட்டரியைச் சேர்த்தது, இடம் போதவில்லை என்று "தேவையற்ற" பேக்கேஜ்களை நீக்கியது. விண்டோஸ் உங்களைச் சந்தேகப்படும். அதன் அடிவயிற்றில் கை வைக்க விடாது. லினக்ஸ் பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டு, நீங்கள் பெரியவர் என்று நம்பிவிடும்.

2021 நவம்பரில் உலகமே பார்த்த நிகழ்ச்சி ஒன்று. யூடியூபில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடரும் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை ஏற்றப் பார்த்தார். அந்தச் சமயத்தில் அதன் பேக்கேஜில் ஒரு பிழை. திரையிலிருந்த கடை மறுத்துவிட்டது. அவர் டெர்மினலுக்குப் போனார். "இதைச் செய்தால் இன்றியமையாத பேக்கேஜ்கள் நீங்கிவிடும், சம்மதம் என்றால் முழு வாக்கியமாக எழுதிக் காட்டு" என்றது அது. எழுதிக் காட்டினார். டெஸ்க்டாப் முழுவதும் நீங்கி, கறுப்புத் திரைதான் மிஞ்சியது. யார் தப்பு என்று வாரக்கணக்கில் சண்டை. என் தீர்ப்பு: முதல் தப்பு பேக்கேஜ் செய்தவர்களுடையது, ஏனென்றால் ஒரு விளையாட்டு மென்பொருள் டெஸ்க்டாப்பை நீக்கக் கேட்கவே கூடாது. ஆனால் எச்சரிக்கையைப் படிக்காமல் கடப்பது விண்டோஸ் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். அங்கே எதற்கெடுத்தாலும் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்தினால் காரியம் நடக்கும். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பேக்கேஜ்களை ஏற்றும் ஏபிடி என்ற கருவியில் அப்படி வாக்கியம் எழுதித் தாண்டிப் போகும் வழியையே அடைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது இது. மென்பொருள் எதுவானாலும் விநியோகத்தின் சொந்தக் கடையில் முதலில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் ஃப்ளாட்பேக். அதிலும் இல்லையென்றால், அது இல்லாமல் முடியுமா என்று யோசியுங்கள். மின்டோடு டைம்ஷிஃப்ட் என்ற கருவி வருகிறது. முதல் நாளே அதை முடுக்கிவிடுங்கள். பெரிதாக எதையாவது மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், உடைத்தாலும் பென்டிரைவில் பூட் செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். டைம்ஷிஃப்ட் காப்பது சிஸ்டத்தை; உங்கள் போட்டோக்களை அல்ல. அதற்குத் தனி ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வாங்குவதற்கு முன் லைவ் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் வருடக்கணக்கில் தொல்லை தராது. பழைய வெப்கேம் விண்டோஸ் 11-இல் செத்து, லினக்ஸில் உயிரோடு இருப்பதும் இதனால்தான். வெளியே இருந்து வருவதில்தான் வில்லங்கம். என்விடியாவின் சொந்த டிரைவர் கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி அதற்கேற்பக் கட்டப்பட வேண்டும். அது தவறினால் அடுத்த பூட்டில் கறுப்புத் திரை. அப்படியானால் க்ரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம், பயப்பட வேண்டாம். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ள மெஷின் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

பிரின்டரில் ஹெச்பி-யின் ஹெச்பிலிப் பல வருடமாக நன்றாகவே இருக்கிறது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் ஆபீஸ்களிலும் இன்னும் ஓடும் சில பழைய லேசர் பிரின்டர்கள், கம்பெனியின் சொந்த பாஷை மட்டுமே பேசுபவை. அவற்றை 64 பிட் லினக்ஸில் பேச வைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஏர்பிரின்ட் வசதி உள்ள புது பிரின்டர் என்றால் டிரைவரே தேவையில்லை.

லைவ் பென்டிரைவில் பார்க்க வேண்டியவை: வைஃபை, ஒலி, மைக், வெப்கேம், மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா. கடைசியாகச் சொன்னதுதான் லினக்ஸ் லேப்டாப்பின் தீராத நோய். விண்டோஸிலும் புது லேப்டாப்கள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அது குணமாகவில்லை.

8. நாலு ஜிபி ரேமில் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள்.

மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நாலு ஜிபியில் லேசாகத்தான் இருக்கும். ஆனால் தின்பது ஓஎஸ் இல்லை, பிரவுசர். இருபது டேப் திறந்தால் எந்த ஓஎஸ்ஸிலும் இருபது டேப்தான். ரேம் தீர்ந்துபோகும் தருணத்தில் விண்டோஸ் தவழ்ந்தாவது போகும். லினக்ஸ் டெஸ்க்டாப் பல தடவை மௌஸ்கூட அசையாமல் உறைந்துவிடும். இதில் விண்டோஸ்தான் மேல் என்பது என் அனுபவம். உபுண்டு 22.04-இல் இதைத் தடுக்க ஒரு காவல்காரரை வைத்தார்கள். அவர் ஆரம்பத்தில் திறந்திருந்த பிரவுசரையே சொல்லாமல் கொன்று திட்டு வாங்கினார். எட்டு ஜிபி ஆக்கிவிடுங்கள். முடியாவிட்டால் இசட்ரேம் என்ற வசதியை இயக்குங்கள். ரேமிலேயே சுருக்கி வைத்துக் கொஞ்சம் இடம் உண்டாக்கும்.

9. இரண்டையும் ஒரே மெஷினில் வைத்தால் சண்டை வரும்.

விண்டோஸ் 8 முதல் "ஷட் டவுன்" என்பது முழு அணைப்பு இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் கெர்னலை டிஸ்க்கில் உறங்க வைத்துவிட்டுப் போகும். அந்த நிலையில் லினக்ஸ் வந்தால், விண்டோஸ் பகுதியில் எழுத முடியாது. வம்புக்கு எழுதினால் டேட்டா கெடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணையுங்கள். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இது உபயோகமானது: விநோதமான தொல்லை எதுவும் வந்தால் அணைத்துப் போடுவதைவிட "ரீஸ்டார்ட்" கொடுங்கள், அதுதான் உண்மையான புதுத் தொடக்கம்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருந்தால் பேட்டரி மாற்ற ஓடாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரம் வைக்கச் சொன்னால் தீர்ந்தது.

2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், இரண்டும் வைத்திருந்த பலருடைய லினக்ஸை பூட் ஆகாமல் செய்தது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எஸ்எஸ்டி போடுங்கள்.

10. உங்கள் வேலை நிலையாக நடக்கிறதா என்று பாருங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் லினக்ஸ் போடச் சொன்னால் நான் போட மாட்டேன். கணக்கு மென்பொருளான டாலி விண்டோஸுக்கானது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாள் இரவில் அது ஒத்துழைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? டிடிபி சென்டரிலும் அப்படித்தான். கோரல்டிரா இல்லை, ஃபோட்டோஷாப் இல்லை. பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் மென்பொருள்கள் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. யூனிகோடில் எழுதுகிறவர்களுக்குக் கவலை இல்லை; ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொண்டால் விண்டோஸில் எழுதுவதைவிடச் சௌகரியம். வேர்டில் செய்த தமிழ் ஆவணத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால் லதா, நிர்மலா எழுத்துருக்கள் இல்லாமல் பக்கம் தள்ளிப்போகும்; அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

அரசாங்கங்களின் கதையும் இதேதான். தமிழ்நாட்டில் அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. என் மாணவர்கள் பலர் அதை ஒரு தடவைகூட பூட் செய்யாமல், படம் வைக்க இடம் வேண்டும் என்று அழித்துவிட்டார்கள். பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில் பல வருடமாக ஓடுகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பதிப்பு, பாடப்புத்தகமே அதற்கேற்ப. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி ஏறக்குறைய 15,000 மெஷின்களை லினக்ஸுக்கு மாற்றி முடித்துவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. எல்லா இடத்திலும் ஓடியது ஒரே கெர்னல்தான். சுற்றியிருந்த மனிதர்களும் ஏற்பாடும்தான் வேறு.

விளையாடுகிறவர்களுக்கு ஒரு வரி: ஸ்டீமில் பெரும்பாலானவை ஓடும், வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது.

11. எழுதி வையுங்கள்.

விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறந்து பாருங்கள். எந்த நாளில் எது விழுந்தது, அதற்கு முன் எது ஏறியது என்று காலண்டர் மாதிரி காட்டும். லினக்ஸில் ஜர்னல் இருக்கிறது. போன பூட்டில் வந்த பிழைகளை மட்டும் கேட்டு வாங்கலாம். அதோடு ஒரு பழைய நோட்டில், என்று என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி. "நான் எதுவுமே செய்யலை சார், தானா போயிடுச்சு" என்பவரின் நோட்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

12. கடைசியாக, யாருக்கு எது.

பிரவுசர், வங்கி, வாட்ஸ்அப் வெப், யூடியூப் மட்டும் பார்க்கும் அப்பா அம்மாவுக்கு மின்ட் போட்டுக் கொடுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் லினக்ஸ் எந்த விண்டோஸைவிடவும் அமைதியாக ஓடும், ஏனென்றால் கிண்டுகிற கை அங்கே இல்லை. நிரல் எழுதப் படிக்கும் மாணவர்களும் வரலாம், உடைப்பார்கள், அவர்களுக்கு அது படிப்பு. அலுவலக வேலை, கணக்கு, வடிவமைப்பு, போட்டி விளையாட்டு என்றால் விண்டோஸிலேயே இருங்கள். பழைய மெஷினில் விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அவசரப்பட்டு இன்றிரவே ஃபார்மட் போட வேண்டாம். அதற்குள் ஒரு பென்டிரைவில் மின்டை ஏற்றி, உங்கள் அன்றாட வேலைகள் அத்தனையையும் அதில் செய்து பாருங்கள். ஒன்று நடக்கவில்லை என்றாலும், எது நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.